சின்சில்லாவுக்கு உலர்புல்: டிமோத்தியின் விலை தாங்கவில்லை, கொங்குப் பகுதிப் புற்களில் எதை நம்பிக் கொடுக்கலாம்?

கேள்வி: வடவள்ளி, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு சின்சில்லாக்கள் வளர்கின்றன. இரண்டும் ஆண்கள், ஒரு வயதைக் கடந்தவை, ஒவ்வொன்றும் அரைக் கிலோவை ஒட்டிய எடை. நம் பக்கத்துப் பண்ணைகளில் சோவியத் சின்சில்லா என்று விற்கப்படுவது முயல் இனம். நான் கேட்பது ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த, அடர்ந்த மென்மயிர் கொண்ட கொறிவிலங்கைப் பற்றி.

கோவையின் வெயில் இவற்றுக்கு ஆகாது என்பதை அறிந்தே ஆண்டு முழுவதும் குளிரூட்டிய அறையில் வைத்திருக்கிறோம். அந்தச் செலவை ஏற்கத் தயாராகவே இருந்தோம். புல்லின் செலவுதான் நாங்கள் எண்ணியதைவிட மிகுதியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி புல்லைச் சிறு பைகளில் வாங்குகிறோம். அதன் கிலோ விலை நல்ல பொன்னி அரிசியின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கிறது. அண்மையில் ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கிய பையில் கால் பங்குக்கு மேல் தூளாகவே இருந்தது. எஞ்சிய தண்டுகளையும் இரண்டு பிராணிகளும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கின.

என் மாமியார் வீடு காங்கேயத்துக்கு அருகில். அங்கே கொழுக்கட்டைப் புல்லும் சோளத்தட்டும் வைக்கோலும் ஏராளமாகக் கிடைக்கின்றன, அருகம்புல்லுக்கும் குறைவில்லை. இவற்றுள் எதையாவது டிமோத்திக்கு மாற்றாகவோ துணையாகவோ கொடுக்கலாமா? விலைக்கு வாங்கும் புல்லில் நல்லதைப் பிரித்தறிவது எப்படி? செலவு குறைய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் பல்லையும் வயிற்றையும் பணயம் வைத்து மிச்சம் பிடிக்க விரும்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஈரோடு, முயல், கினிப்பன்றி, சின்சில்லா வளர்ப்பவர்

வணக்கம் அக்கா. புல்லில் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை முதலில் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும். சின்சில்லாவுக்கு முன்பற்கள் மட்டுமல்லாமல் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஓர் ஆண்டில் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியவை. நீண்ட நாருள்ள புல்லைக் கடைவாயில் போட்டுப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்லும்போதுதான் அந்த வளர்ச்சி தேய்ந்து சரியாகிறது. அதே நார்தான் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதித்துக் குடலை இயங்கச் செய்கிறது. ஆகவே நாம் வாங்குவது நீண்ட நார், மிதமான புரதம், குறைந்த கால்சியம், பூஞ்சை இல்லாத தூய்மை ஆகிய நான்கும்தான். டிமோத்தி இந்த நான்கையும் தருவதால் பெயர் பெற்றது. அது குளிர்நாட்டுப் புல் என்பதால் நம் சமவெளியில் விளைவதில்லை. கடல் கடந்து வரும் செலவே அதன் விலையில் பெரும்பங்கு. ஆர்ச்சர்ட் புல், கதிர் முற்றுவதற்கு முன் அறுத்த ஓட்ஸ் புல் ஆகியவையும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன. விற்பவரிடம் அவையும் இருந்தால் விலையை ஒப்பிட்டுக் கேளுங்கள்.

டிமோத்தி பையின் மேல் எத்தனையாவது அறுப்பு என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். முதல் அறுப்பில் தண்டும் கதிரும் மிகுதி, நாரும் மிகுதி. இரண்டாம் அறுப்பில் இலையும் தண்டும் கலந்திருக்கும். மூன்றாம் அறுப்பு மென்மையான இலையாகவே இருக்கும். பிராணிகள் மூன்றாம் அறுப்பைத்தான் ஆசையாகத் தின்னும், ஆனால் பல்லுக்கு அதில் வேலை குறைவு. என் கருத்தில், நல்ல பல்லுள்ள, வளர்ந்த சின்சில்லாவுக்கு இரண்டாம் அறுப்பே பொருத்தம். முதல் அறுப்பு மலிவாகக் கிடைத்தால் அதையும் கலந்து கொடுக்கலாம். முகர்ந்துவிட்டு ஒதுக்குகின்றன என்றீர்கள். அது பெரும்பாலும் புல் பழையது என்பதன் அறிகுறி. சில சமயம் தீவன உருண்டையை அதிகமாகக் கொடுப்பதாலும் அப்படி நடக்கும். நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுக்கு உருண்டையைக் குறைத்துப் பாருங்கள். வேறு புல்லைத் தேடும் முன் இதைச் செய்வது நல்லது.

தரத்தை அறிய மூக்கே முதல் கருவி. பையைத் திறந்ததும் புதிதாகக் காய்ந்த புல்லின் இனிய மணம் வர வேண்டும். நிலவறை வாடை வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. வெல்லப்பாகு வாடையும் பழுப்பு நிறமும் இருந்தால், ஈரம் போகாமல் கட்டியதால் கட்டுக்குள்ளேயே சூடேறிய புல் அது. மேற்புறம் வெயிலில் வெளுத்திருப்பது குற்றமில்லை, உள்ளே பச்சை நிற்க வேண்டும். அடுத்து, ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியின் மேல் உதறுங்கள். சிறிதளவு இலைத்துகள் உதிர்வது இயல்பு. சாம்பல் நிறத் தூசி எழுந்தால் அந்தப் பையைத் திருப்பி அனுப்புங்கள். அந்தத் தூசி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்.

விலையைக் கணக்கிடும்போது பையின் விலையோடு கூரியர் செலவையும் சேர்த்துக் கிலோவுக்கு மாற்றுங்கள். பிறகு சல்லடையில் அரித்து, கீழே விழுந்த தூளை எடை போட்டுக் கழியுங்கள். கால் பங்கு தூளாகும் மலிவான பை, முழுத்தண்டாக வரும் விலை உயர்ந்த பையைவிடப் பல நேரங்களில் அதிகச் செலவு வைக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள ஒரு சின்சில்லா நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை தின்னும்; சிந்துவதையும் சேர்த்தால் உங்கள் இரண்டுக்கும் மாதம் இரண்டு கிலோ அளவில் போதும். சிறு பைகளைத் தவிர்த்துப் பெரிய பையாக வாங்கி, உங்கள் ஊரில் முயலோ கினிப்பன்றியோ வளர்ப்பவர்களோடு பங்கிட்டுக்கொண்டால் செலவு நன்றாகக் குறையும், ஏனென்றால் அந்தப் பிராணிகளுக்கும் இதே புல்தான்.

மறுமொழி: காங்கேயம் வட்டம், விவசாயி

அம்மணிக்கு வணக்கம். நான் சின்சில்லா வளர்த்தவனில்லை. எங்களுடையது மாடும் மேச்சேரி ஆடும் வைத்திருக்கிற குடும்பம். ஆகையால் புல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பிராணிக்கு ஆகுமா ஆகாதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பது. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களும் அவற்றின் அடியில் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கிற கொறங்காடுகளில்தான் காங்கேயம் காளைகள் வளர்ந்து வந்திருக்கின்றன. கொழுக்கட்டைப் புல் பல ஆண்டு நிற்கும். வறட்சியில் கருகிக் கிடந்தாலும் ஒரு மழை விழுந்தால் தூரிலிருந்து தழைத்துவிடும். தண்டு மெலிதாக இருப்பதால் சீக்கிரம் காயும். கம்பு நேப்பியர் போன்ற பருத்த தண்டுப் புல்லை வீட்டளவில் நன்றாக உலர்த்துவது கடினம். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் கணுவுக்குள் ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சை தொடங்கும்.

ஆனால் அறுக்கிற பருவம் மிக முக்கியம். கொழுக்கட்டைப் புல்லின் கதிரில் விதையைச் சுற்றிச் சுணை போன்ற முட்கள் உண்டு. மாட்டின் தடித்த நாக்குக்கு அது பொருட்டில்லை. நீங்கள் சொல்கிற அளவுள்ள பிராணியின் வாயிலும் கண்ணிலும் அது குத்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐப்பசி மழைக்குத் தழைத்த புல்லைக் கதிர் தலைகாட்டும் முன்னரே அறுத்துவிட வேண்டும். கதிர் வந்த பின் அறுத்தால் கதிரை முழுவதும் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்டையும் இலையையும் மட்டும் எடுங்கள். பனி விலகிய பின், காலை வெயில் ஏறியதும் அறுத்து, களத்தில் மெல்லியதாகப் பரப்பி, பகலில் இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் சாளைக்குள், அதாவது கொட்டகைக்குள், எடுத்துவிட வேண்டும், மார்கழிப் பனியில் ஓர் இரவு கிடந்தாலே நிறம் போய்விடும். முதல் நாள் வெயிலில் வாடிய பிறகு, காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் நிழலில் காய்ந்தால் பச்சை நன்றாக நிற்கிறது.

காய்ந்ததா என்று அறிய ஒரு பிடியை முறுக்கிப் பாருங்கள், தண்டு படக்கென்று ஒடிய வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால், ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் நறுக்கிய புல்லும் ஒரு கரண்டி காய்ந்த உப்பும் போட்டு மூடிக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் புல்லில் இன்னும் ஈரம் இருக்கிறது, மூட்டை கட்டக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைக்கோலில் சத்தும் இல்லை, சுவையும் இல்லை. இயந்திர அறுவடையில் சேறும் கலந்துவிடுகிறது. சோளத்தட்டு எங்கள் மாடுகளுக்கு ஆண்டு முழுதும் ஆதாரம்தான், ஆனால் இளம் பயிரிலும் வறட்சியில் வாடிய பயிரிலும் அறுத்த தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பிலும் நஞ்சு ஏறும். அந்த நேரத்தில் சோளக்காட்டுக்குள் மாட்டையே விடமாட்டோம். யாருடைய காட்டில், எந்தப் பருவத்தில் அறுத்த தட்டு என்று தெரியாமல் ஒரு சிறு பிராணிக்குக் கொடுக்க வேண்டாம். அருகம்புல் நல்ல புல். ஆனால் சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் பிடுங்கியதை எடுக்காதீர்கள். மஞ்சள், பருத்தி, காய்கறித் தோட்டங்களின் வரப்புகளில் களைக்கொல்லி தெளிக்காத இடமே இப்போது அரிது. புல்லோடு பார்த்தீனியம், ஊமத்தை, உன்னி, நெருஞ்சி ஏதும் கலக்காமல் கையால் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு ஆள் உட்கார வேண்டும். கூலிக்கு விட்டால் இந்த வேலை சரியாக நடக்காது, உங்கள் மாமியார் வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

இன்னொன்று. வடவள்ளிக்குப் பக்கத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறை இருக்கிறது. நீலக் கொழுக்கட்டைப் புல் கோ 1 அவர்கள் வெளியிட்ட இரகம். வீட்டில் வெறும் இடம் கொஞ்சம் இருந்தால் விதையைப் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம். மருந்து தெளிக்காத புல் என்ற நிம்மதி அதில் கிடைக்கும்.

மறுமொழி: நாமக்கல், கால்நடை மருத்துவர்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கிறேன். காங்கேயத்து ஐயா சொன்ன அறுப்புப் பருவமும், ஈரோட்டுக்காரர் சொன்ன விலைக் கணக்கும் மிகப் பயனுள்ளவை. மருத்துவ நோக்கில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

சிலி நாட்டில் இல்லாப்பெல் நகருக்கு அருகே 1983இல் சின்சில்லாக்களுக்கென்றே தேசியக் காப்பகம் அமைக்கப்பட்டது. அந்த வறண்ட மலைச்சரிவுகளில் அவை பெரும்பாலும் நார் மிகுந்த, சத்துக் குறைந்த முரட்டுப் புற்களைத் தின்றே வாழ்கின்றன. இயற்கையில் வாழ்ந்தவற்றோடு ஒப்பிட்டால் கூண்டில் வளர்ந்தவற்றின் கடைவாய்ப் பற்கள் நீண்டிருப்பது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. வறண்ட நிலத்துப் புல் என்பதாலேயே கொழுக்கட்டைப் புல்லை விலக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் அதை ஒரே உணவாக ஆக்கக் கூடாது. கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர், கினியாப் புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் உண்டு. உலர்த்துவதால் அது நீங்குவதில்லை. அது உணவிலுள்ள கால்சியத்தைப் பிணைத்து உடலுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். ஆஸ்திரேலியாவில் இந்தக் கொழுக்கட்டைப் புல் நிலங்களில் நெடுநாள் மேய்ந்த குதிரைகளுக்குக் கால்சியம் குறைந்து முக எலும்பு வீங்கும் நோய் வந்திருக்கிறது. மாட்டின் இரைப்பையில் ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பழக்கத்தில் பெருகிவிடுகின்றன. குதிரையைப் போலவே சின்சில்லாவும் பெருங்குடலில் நொதிக்கச் செய்யும் விலங்கு என்பதால், மாடு தின்று நலமாக இருக்கிறது என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது. என் பரிந்துரை, டிமோத்தியோ ஆர்ச்சர்ட் புல்லோ பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். எஞ்சிய பாதியில் கொழுக்கட்டைப் புல்லையும் தூய்மையான இடத்து அருகம்புல்லையும் மாற்றி மாற்றிக் கலக்கலாம். இதனாலேயே உங்கள் செலவு கணிசமாகக் குறையும்.

புதிய புல்லை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய புல்லோடு ஒரு சிட்டிகையாகத் தொடங்கி, பத்து நாள்களுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு கூட்டுங்கள். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் வாயு சேர்ந்து வயிறு உப்பினால் விரைவில் உயிருக்கே ஆபத்தாகும். அந்த நாள்களில் எச்சத்தைக் கவனியுங்கள். உருண்டு தடித்து உலர்ந்திருந்தால் நல்லது. சிறுத்தோ, கூரிய முனையோடோ, எண்ணிக்கை குறைந்தோ காணப்பட்டால் புதிய புல்லை நிறுத்திவிடுங்கள். சமையலறைத் தராசில் வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பல் நோயை வாயில் பார்ப்பதற்கு முன் எடையில்தான் முதலில் பார்க்க முடியும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, தாடை நனைந்திருந்தாலோ, கண்ணில் நீர் வழிந்தாலோ, புல்லை எடுத்து மென்று கீழே போட்டாலோ மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் எதுவும் தின்னவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பூஞ்சையைப் பற்றி ஒரு சொல். அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு சின்சில்லாக்களின் கல்லீரலைத் தாக்கி உயிரிழப்பை ஏற்படுத்திய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, மணத்தாலும் எப்போதும் வெளிப்படுவதில்லை. மாமியார் வீட்டிலிருந்து ஓர் ஆண்டுக்கான புல்லைச் சேர்த்து வைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். கோழிப்பண்ணையாளர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது.

கேட்டவரின் பதில்: வடவள்ளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உருண்டையின் அளவை இன்றே குறைத்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்கள் உறவினர் ஒருவர் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரும் காய்ந்த கடலைக்கொடியும் தருவதாகச் சொல்கிறார். புல்லைவிட அவற்றில் சத்து அதிகம் என்பது அவர் கருத்து. அவற்றை ஏற்கலாமா? மேலும், புல்லைச் சின்சில்லாக்களின் குளிரூட்டிய அறையிலேயே நெகிழிப் பெட்டியில் அடைத்து வைக்கலாமா, அல்லது வெளியே வைக்க வேண்டுமா?

மறுமொழி: நாமக்கல், கால்நடை மருத்துவர்

சத்து அதிகம் என்பது உண்மை. வளர்ந்த சின்சில்லாவுக்கு அதுவே தடை, அம்மா. குதிரை மசாலில் கால்சியம் டிமோத்தியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, புரதம் இரண்டு மடங்கு. சின்சில்லாக்களின் சிறுநீர்ப்பையில் உருவாகும் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஆண்களிடம் அவை மிகுதியாகக் காணப்படுகின்றன. உங்களிடம் இருப்பவை இரண்டும் ஆண்கள். வளரும் குட்டிக்கும், சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும் பெண்ணுக்கும் குதிரை மசால் பயன்படும். உங்களுடையவற்றுக்கு எப்போதாவது ஒரு தண்டு கொடுப்பதற்கு மேல் வேண்டாம். வேலிமசால், முயல் மசால், அகத்தி ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

கடலைக்கொடியை முற்றிலும் மறுத்துவிடுங்கள். மண்ணுக்குள் காய்க்கும் பயிர் என்பதால் கொடியோடு மண்ணும் உடைந்த காயும் வருகின்றன. அஃப்ளாடாக்சினை உருவாக்கும் பூஞ்சை நிலக்கடலையில் எளிதில் வளரக்கூடியது. இலைப்புள்ளி நோய்க்கு அடித்த மருந்தும் கொடியில் தங்கியிருக்கலாம்.

மறுமொழி: ஈரோடு

வைக்கும் முறையை நான் சொல்கிறேன் அக்கா. இறுக மூடிய நெகிழிப் பெட்டி வேண்டாம். சிறிதளவு ஈரம் இருந்தாலும் அதற்குள் வியர்த்து, அடிப்புல் முதலில் கெடும். பருத்திப் பையோ சுத்தமான புதிய சாக்கோ நல்லது. உரமும் மருந்தும் வந்த சாக்கைத் துவைத்துக்கூடப் பயன்படுத்தாதீர்கள். தரையில் வைக்காமல் மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள். குளிரூட்டிய அறை இதற்கு ஏற்றதுதான், ஏனென்றால் அங்கே காற்றின் ஈரமும் குறைவு. குளிரூட்டியின் நேர்க்கீழே மட்டும் வைக்க வேண்டாம், அங்கே நீர் சொட்டும்.

நாட்டுப் புல்லில் சிறு பூச்சிகள் வரும். கொடுப்பதற்கு முன் ஒரு வாரத்துக்கான புல்லை உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்து எடுத்து, காற்றாட விட்டு, ஈரம் போன பின் கூண்டில் போடுங்கள். எலி நடமாடும் இடத்தில் புல்லை வைக்கவே கூடாது. எலியின் சிறுநீர் பட்ட புல்லை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதைக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கும் தேவையான அளவை மட்டும் புரட்டாசிக்குள் வாங்கி வைத்துவிட்டு, மீதியைத் தை பிறந்த பிறகு வாங்குங்கள். மழைக்காலத்தில் கூரியரில் வரும் பை எத்தனை கிடங்குகளில் நனைந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாது.